லேடர் வவுனியா பஸ்ஸில் வரவில்லை

எங்கள் ஆய்வுகூடத்தின் பழைய அறிக்கைக் கோப்பில், 2022 ஏப்ரல் 7, வியாழக்கிழமை என்று திகதியிட்ட பிரதி ஒன்று இருக்கிறது. அதன் அடியில், ‘குறிப்பு’ என்ற சிறு கட்டத்துக்குள், இப்படித் தட்டச்சு செய்யப்பட்டிருக்கும்: “வாழை இலைகள் மிக நல்ல நிலையில் வந்து சேர்ந்தன. பழுது எங்கள் பக்கத்தில்.”

போன மாதம் உங்களில் ஒருவர் எனக்குத் தொலைபேசி எடுத்து, “மிஸ், இது ஆர் எழுதினது? அறிக்கையில இப்பிடி எழுதலாமோ?” என்று கேட்டார். எழுதியது நான். எழுதச் சொன்னவர் இலை அனுப்பியவர். எழுதவே கூடாது என்றவர் எங்கள் பொறுப்பாளர். மூன்று பேரும் அன்று அவரவர் அளவில் சரியாகத்தான் இருந்தோம். அந்தக் கட்டம் எப்படி நிரம்பியது என்பதை, இனி அந்த மேசையில் நிற்கப் போகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன். நாட்களும் நேரங்களும் என் கொப்பியிலிருந்து எடுத்தவை. பேச்சுகள் என் ஞாபகத்திலிருந்து. அவற்றுக்கு அந்த அளவு உத்தரவாதம் தர முடியாது.

அந்த ஏப்ரல் எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, நீங்களும் எரிபொருள் வரிசையில் நின்றிருப்பீர்கள். கிருலப்பனையில், ஒரு தளபாடக் கடைக்கு மேலே இருந்தது எங்கள் ஆய்வுகூடம். நாள்தோறும் கறண்ட் போகும் நேரத்தை வாசல் கதவில் ஒட்டி வைப்போம். ஜெனரேட்டர் இருந்தது, டீசல் இல்லை. வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய இரசாயனங்கள் வரவில்லை. நான் வெள்ளவத்தையிலிருந்து நடந்தே வேலைக்குப் போய் வந்தேன்; என் முழங்கால் அந்த வருடத்தை இன்னும் மன்னிக்கவில்லை.

வவுனியாவில் வாழைக்குட்டி வளர்த்து விற்பவர் தவமணி அக்கா. ஐந்து தாய்வாழைகள், அவை ஈன்ற குட்டிகள் நானூறுக்குக் கிட்ட. ஒரு விவசாயச் சங்கம் எல்லாவற்றையும் வாங்கச் சம்மதித்திருந்தது. ஒரே நிபந்தனை: முடிக்கொத்து நோய் இல்லை என்ற அறிக்கை கையில் இருக்க வேண்டும். உச்சி இலைகள் கூம்பிக் கொத்தாக நின்று, வாழை குலை தள்ளாமலே போய்விடும் வைரஸ் நோய் அது. ஆரம்பத்தில் கண்ணுக்குத் தெரியாது. இலையிலிருந்து டீஎன்ஏ எடுத்துச் சோதித்தால்தான் பிடிபடும். நோயுள்ள ஒரு தாயின் குட்டி பத்துத் தோட்டத்துக்குப் போனால், பத்துத் தோட்டமும் போச்சு.

சங்கத்தின் லொறிக்கு அதிசயமாக டீசல் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை லொறி வரும். அந்த டீசலுக்குப் பிறகு இன்னொரு டீசல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே வியாழன் மாலைக்குள் தவமணி அக்காவுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: ஏற்றுவதா, எரிப்பதா?

இலைகள் செவ்வாய் மாலை, வவுனியா பஸ்ஸில், நடத்துநரின் காலடியில் பயணம் செய்து வந்தன. வெள்ளை ரெஜிபோம் நுரைப்பெட்டி. திறந்ததும் ஆய்வுகூடம் முழுவதும் அறக்குளா மீன் மணத்தது. மீன்கடையில் ஐஸ் வாங்கி, மீன்கடைப் பெட்டியிலேயே இலைகளை அடுக்கி அனுப்பியிருந்தார் அக்கா. ஐஸில் பாதி கரைந்திருந்தது.

“இதென்ன, மதியச் சாப்பாடோ?” என்றார் சேர், மூக்கைப் பிடித்துக்கொண்டு. எங்கள் பொறுப்பாளரை எல்லோரும் சேர் என்றே கூப்பிடுவோம். நல்ல மனிதர், ஆனால் மணத்துக்குப் பயப்படுவார்.

புதன் காலை, ஆறாம் திகதி, இரண்டு விடயங்கள் நடந்தன. முதலாவது, களஞ்சியப் பொறுப்பாளர் ஒரு பிளாஸ்டிக் பெட்டியோடு வந்தார். தெமட்டகொடையிலிருந்து சைக்கிளில் வரும் அவரை ஸ்டோர் நானா என்றுதான் அழைப்போம். நோன்பு மாதம். முதல் நாள் இரவு வீட்டில் காய்ச்சிய கடற்பாசி என்ற இனிப்பை, நோன்பில்லாத எங்களுக்காகத் துண்டு போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

“நோன்பு உங்களுக்கு இல்லதானே மிஸ். வெக்கப்படாம எடுங்க.”

இளஞ்சிவப்பு. கண்ணாடி போலத் தெளிவு. கரண்டியால் தொட்டால் துள்ளியது. இரண்டு துண்டு சாப்பிட்டேன். “அருமை” என்று அன்றைய கொப்பியிலும் எழுதியிருக்கிறேன். உணவைப் பற்றி ஆய்வுகூடக் கொப்பியில் நான் எழுதிய ஒரே சொல் அது.

இரண்டாவது, ஐந்து இலைகளின் டீஎன்ஏயையும் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தேன். இந்த வேலை உங்களுக்குத் தெரியும். வாசிக்கும் வெளியாருக்காக இரண்டு வரி: அகரோஸ் என்ற தூளைக் காய்ச்சி ஊற்றினால் ஜெல்லி போல உறையும். அதில் சிறு குழிகள் விட்டு, டீஎன்ஏயை இட்டு, மின்சாரம் பாய்ச்சினால் அது சிவப்பு முனையை நோக்கி ஊர்ந்து போகும். நல்ல டீஎன்ஏ என்றால் மேலே ஒரு தடித்த பட்டையாக நிற்கும். சிதைந்தது என்றால், ஈர விரலால் இழுத்த மை போலக் கீழ்வரை கலங்கி வழியும். முதல் குழியில் மட்டும் லேடர் என்ற அளவுகோலை இடுவோம். நீளம் தெரிந்த துண்டுகள் அவை, ஏணிப்படி போலப் பிரிந்து நிற்கும்.

அன்று ஐந்து தடமும் இழுபட்ட மை.

காய்ச்சும்போதே தூள் கொஞ்சம் மஞ்சளாக, கலங்கலாக இருந்தது. பழைய கரைசலைத் திரும்பத் திரும்பப் பாவிக்கிறோம், அதனால்தான் என்று நினைத்தேன். ஓட்டம் மந்தமாக இருந்தது. கறண்ட் அழுத்தம் குறைவு என்று நினைத்தேன். இலை மீன் மணத்தது. அது போதாதா? அந்த வருடத்தின் பெரிய ஆபத்து பற்றாக்குறை இல்லை, பிள்ளைகளே. எதற்கும் ஒரு காரணம் கைவசம் தயாராக இருந்ததுதான்.

படத்தை எடுத்து, அழகாக இருக்கட்டும் என்று ஐந்து தடங்களை மட்டும் வெட்டி, சேருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். இந்த வெட்டும் பழக்கம் எனக்கு நெடுங்காலமாக இருந்தது. என்னை இந்த வேலைக்குப் பழக்கியவர் புதுக்கடை நீதிமன்றங்களுக்குப் பின்னால் பிறந்து வளர்ந்தவர். முதல் தடத்தை அவர் லேடர் என்று சொன்னதே இல்லை. “சாட்சி” என்பார். “சாட்சியை விசாரிக்காமல் தீர்ப்பு எழுதாதே” என்பார். அவர் இருந்திருந்தால், நான் சாட்சியைக் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்ததைப் பார்த்து என்ன சொல்லியிருப்பார் என்பதை இங்கே எழுத முடியாது. அவருக்குப் புதுக்கடைச் சந்தியின் எல்லாச் சொற்களும் தெரியும்.

சேர் படத்தைப் பார்த்துவிட்டு என் மேசைக்கே வந்தார்.

“இது முடிஞ்சுது. டீஎன்ஏ கூழ். வைரஸ் சோதனைக்கு இருக்கிற மருந்து ஒரு தரத்துக்குத்தான் காணும். அதை இந்த மீன் இலையில கொட்டாதையும். மாதிரி தகுதியில்லை எண்டு எழுதி அனுப்பும்.”

“லொறி வெள்ளிக்கிழமை வருது, சேர்.”

“லொறிக்காரனுக்கு நான் என்ன செய்யிறது? ரிப்போட்டை அடியும்.”

அடிப்பதற்கு முன் தவமணி அக்காவுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொன்னேன் என்பதை விட, பேசினேன் என்பதே சரி. எங்கள் ஊர்க் கருத்தில் பேசினேன்; அதாவது ஏசினேன்.

“அக்கா, இலையை இப்பிடியோ அனுப்புறது? மீன் பெட்டியில? எல்லாம் பழுதாப் போச்சு.”



“தங்கச்சி, ஐஸ் எடுக்க நான் விடிய நாலு மணிக்கு மீன்கடை வாசல்ல நிண்டனான். கறண்ட் இல்லாத ஊரில ஐஸ் வேற எங்க கிடக்கு? அவன் பெட்டியோடதான் தருவன் எண்டவன். இலையில மீன் தொடேல்லை. ரெண்டு பொலித்தீன் சுத்தினனான்.”

“படத்தில தெரியுது அக்கா.”

“அப்ப அந்தப் படத்தை எனக்கும் அனுப்புங்கோ. நானும் பாப்பம், என்ர இலை எப்பிடிப் பழுதானது எண்டு.”

கோபத்தில் அனுப்பினேன். கோபத்தில் அனுப்பியதால் வெட்ட மறந்துவிட்டேன். முழுப் படமும், ஆறு தடமும், வவுனியாவுக்குப் போனது.

வியாழன் காலை ஏழு நாற்பதுக்கு அக்காவின் அழைப்பு வந்தது. நான் ஹெவ்லொக் வீதியைக் கடந்துகொண்டிருந்தேன்.

“தங்கச்சி, படத்தில ஆறு கோடு கிடக்கு. எனக்கு அஞ்சு வாழைதானே?”

“முதலாவது வாழை இல்லை அக்கா. அது அளவுகோல். நாங்கள் எப்பவும் போடுறது.”

“அது எங்க இருந்து வந்தது?”

“அது இஞ்சதான் இருக்கிறது. எங்கட ஃபிரிட்ஜுக்குள்ள.”

“அப்ப அது ஏன் என்ர இலை மாதிரியே கலங்கிக் கிடக்கு? அதையும் நானோ மீன் ஐஸில வச்சனான்?”

வீதியின் நடுவில் நின்றுவிட்டேன். ஒரு ஓட்டோக்காரர் சிங்களத்தில் என் கண்பார்வையைப் பற்றி ஏதோ சொன்னார். அவர் சொன்னதும் பொருத்தம்தான். லேடர் வவுனியா பஸ்ஸில் வரவில்லை. லேடர் மீனைக் கண்டதே இல்லை. அதுவும் ஏணிப்படி போல நிற்காமல் இழுபட்டிருந்தால், பழுது இலையில் இல்லை, ஜெல்லில். ஜெல் என் கையால் ஊற்றியது.

எட்டு மணிக்கு நான் அகரோஸ் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டோர் நானாவின் முன்னால் நின்றேன். தூளை உள்ளங்கையில் கொட்டிக் காட்டினேன்.

“நானா, இது என்ன?”

“கடப்பாசி, மிஸ்.” மிகப் பெருமையோடு சொன்னார். “கொட்டாஞ்சேனைல கடைகடையா ஏறி எடுத்த. எங்கயும் இல்ல இப்ப. நோன்பு மாசம்தானே, எல்லாரும் அள்ளிட்டுப் போற.”

“இதை ஏன் இந்தப் போத்தலுக்குள்ள போட்டீங்க?”

“நீங்கதானே மிஸ் முடியப் போகுது என்டு துண்டு எழுதித் தந்த? போன கிழமை நான் கேட்ட, இது என்ன சாமான் மிஸ் என்டு. நீங்க என்ன சொன்ன?”

ஞாபகம் வந்தது. அன்று எனக்கு நல்ல மனநிலை. ஆங்கிலத்தில் விளக்காமல் நல்ல தமிழில் சொல்லிவைப்போம் என்று, “கடற்பாசியிலயிருந்து எடுக்கிறது, நானா” என்றிருந்தேன். தாவரவியலில் பிழையே இல்லை. கடலில் வளரும் பாசிதான். ஆனால் கொழும்பில் கடற்பாசி என்றால் தாவரம் இல்லை; பலசரக்குக் கடையில் சைனா மொஸ் என்று பாக்கெட்டில் விற்கிற, சீனி போட்டுக் காய்ச்சுகிற சாமான். நான் பாசியைச் சொன்னேன். அவர் பாக்கெட்டை வாங்கினார். இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் அதுவும் உறைந்தது. ஆனால் சுத்திகரிக்காத தூள், எந்த டீஎன்ஏயையும் ஒழுங்காக ஓட விடாது. என் தமிழ்ப்பற்று நானூறு வாழைக்குட்டிகளை எரிக்கும் நிலைக்குக் கொண்டுவந்திருந்தது.

“போத்தல்ல மிச்சம் இருந்த பழைய தூள் எங்க நானா?”

“அது டேட் போனது, மிஸ். லேபல்ல போட்டு ஈக்கி. புதுசையும் பழசையும் கலக்கப்படாதுதானே, ஸ்டோர் சட்டம். வீட்டுக்கு எடுத்திட்டுப் போன.”

“டேட் போனதை வீட்டுக்கா?”

“லெபுக்குத்தான் மிஸ் டேட் பாக்கிற. வயித்துக்கு என்ன டேட்?”

நான் முதல் நாள் காலை சாப்பிட்ட இரண்டு துண்டும் அந்தக் கணத்தில் என் நினைவுக்கு வந்தன. அதை யோசிக்க நேரமில்லை. “வீட்டில ஒரு கரண்டி மிச்சமிருந்தாலும் வேணும், நானா. ஒரு மனிசியின்ர தோட்டம் அதிலதான் நிக்குது” என்றேன். நானா மறுபேச்சுப் பேசவில்லை. நோன்பு வயிற்றோடு, பங்குனி வெயிலில், தெமட்டகொடைக்குச் சைக்கிளை மிதித்தார்.

இனி வருவதுதான் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம். அவர் திரும்பி வருவாரா, வந்தால் கையில் தூள் இருக்குமா என்று தெரியாது. பகல் ஒன்றரைக்குக் கறண்ட் போகும். வைரஸ் சோதனைக்கு மூன்று மணித்தியாலம் வேண்டும். இப்போது தொடங்காவிட்டால் இல்லை. தொடங்கினால், ஆய்வுகூடத்தின் கடைசி மருந்து, இன்னும் நல்லதென்று நிரூபிக்கப்படாத டீஎன்ஏயில் போகும்.

சேரிடம் போய் முழுப் படத்தையும் காட்டினேன். வெட்டாத படம்.

“சேர், லேடரைப் பாருங்கோ.”

பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“நேற்று எனக்கு அனுப்பின படத்தில இது இல்லையே?”

“இல்லை சேர். வெட்டினது நான்.”

“ஏன்?”

“வடிவா இருக்கட்டும் எண்டு.”

சேர் படத்தை விரலால் பெரிதாக்கி இலைகளின் ஐந்து தடங்களையும் பார்த்தார். பிறகு, “டீஎன்ஏ உண்மையாப் பழுதாகவும் இருக்கலாம்தானே?” என்றார். இருக்கலாம். கெட்ட ஜெல் நல்ல டீஎன்ஏயையும் கெட்டதாகக் காட்டும். கெட்டதையும் கெட்டதாகவே காட்டும். என்னிடம் இருந்தது ஒரு பொய்ச் சாட்சியை நிராகரிக்கும் உரிமை மட்டும்தான். அதற்கு மேல், ரெண்டு பொலித்தீன் சுற்றினேன் என்ற ஒரு மனிதரின் சொல். எட்டு நாற்பத்தைந்துக்கு அந்தச் சொல்லை நம்பிக் கடைசி மருந்தைக் குழாய்களில் இட்டேன். சேர் கையெழுத்திட்டார். நன்றாகத் திட்டியும் விட்டார். அது வேறு கணக்கு.

பன்னிரண்டு ஐந்துக்கு நானா வந்து சேர்ந்தார். ஒரு ஜாம் போத்தல், பத்திரிகைத் தாளில் சுற்றியது. அடியில் வெள்ளைத் தூள். நிறுத்தேன்: ஒரு கிராமும் சொச்சமும். ஒரே ஒரு ஜெல்லுக்குக் காணும்.

“இதில வைரஸ் சோதனையை மட்டும் ஓட்டும்,” என்றார் சேர். “விடை வந்தால் போதும். இலையின்ர தரத்தை இனி ஆர் கேக்கப் போறாங்கள்?”

“விடை ‘இல்லை’ எண்டு வந்தா, சேர்? நோய் இல்லாததாலயும் வெறுமையா இருக்கும், டீஎன்ஏ இல்லாததாலயும் வெறுமையா இருக்கும். அக்கா லொறியில ஏத்தப் போறது வெறுமையை நம்பித்தானே?”

ஜெல்லில் குழி விடும் சீப்பு இரண்டை ஒரே தட்டில் வைத்தேன். மேல் வரிசைக் குழிகளில் இலைகளின் டீஎன்ஏ. கீழ் வரிசையில் வைரஸ் சோதனையின் விளைவும், நோய் உறுதியான பழைய மாதிரி ஒன்றும். இரண்டு வரிசைக்கும் முதல் குழி சாட்சிக்கு. ஒன்று இருபதுக்கு மின்சாரத்தை நிறுத்தி நீல ஒளியில் வைத்தபோது, சேரும் நானாவும் என் இரு தோளுக்கு மேலாலும் எட்டிப் பார்த்தார்கள்.

இரண்டு லேடரும் எண்ணக்கூடிய படிகளாக நின்றன. மேல் வரிசையில் ஐந்து தடித்த பட்டைகள். நான் அந்த வருடம் பார்த்ததில் ஆக நல்ல டீஎன்ஏ, மீன்கடை ஐஸில் வந்தது. கீழ் வரிசையில் நான்கு தடம் வெறுமை. பழைய மாதிரியில் ஒரு பட்டை. அதற்கு நேராக, மூன்றாவது தாய்வாழையிலும் ஒரு பட்டை.

“அல்லாஹ்,” என்றார் நானா. அவருக்கு ஜெல் வாசிக்கத் தெரியாது. எங்கள் முகம் வாசிக்கத் தெரியும்.

தவமணி அக்காவுக்கு நானே தொலைபேசி எடுத்தேன்.

“மூண்டாவதோ?” என்றார். “அதுதான் தங்கச்சி, என்ர முதல் வாழை. ஊர் திரும்பி வந்து முதல்ல வச்சது.” பிறகு, “அதின்ர குட்டியளைத் தனியத்தான் வச்சிருக்கிறன். எரிக்கிறன். மற்ற நாலின்ரயும் நாளைக்கு ஏறட்டும்” என்றார்.

“ஓம் அக்கா. அறிக்கை இண்டைக்கே வரும்.”

“அறிக்கையில என்ர இலையைப் பற்றி எழுதுவியளோ?”

“என்ன எழுதவேணும்?”

“நேற்று என்னைப் பேசினீங்கள்தானே. அதுக்கு மறுமொழி. இலை நல்லா வந்தது எண்டு எழுதுங்கோ. பிழை ஆரின்ர எண்டும் எழுதுங்கோ. சங்கத்துக்காரர் நாளைக்கு அந்தத் தாளைத்தான் பாப்பினம். மீன் பெட்டிக்காரி எண்டு பேர் வரக்கூடாது.”

“அறிக்கை மன்னிப்புக் கடிதம் இல்லை” என்றார் சேர். உண்மைதான். ஆனால் குறிப்பு என்ற கட்டம் இருந்தது, காலியாகவும் இருந்தது. கறண்ட் போவதற்குள் அந்த இரண்டு வசனத்தையும் அடித்து அச்செடுத்தேன். இன்று நீங்கள் நிரப்பும் படிவத்தில், ‘லேடர் தெளிவாக உள்ளதா?’ என்று ஒரு வரி தடித்த எழுத்தில் இருக்கிறதே, அது அடுத்த திங்கட்கிழமை சேர் தன் கையால் சேர்த்தது. படத்தை வெட்டக்கூடாது என்ற விதியும் அன்றிலிருந்துதான். அதற்கு என் பெயரை வைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள், நான் மறுத்துவிட்டேன்.

நான்கு தாய்களின் குட்டிகளும் வெள்ளிக்கிழமை ஏறின. அடுத்த தைப்பொங்கலுக்கு முதல் நாள், வவுனியா பஸ்ஸில், நடத்துநரின் காலடியில், எனக்கு ஒரு கதலிக் குலை வந்தது. ரெஜிபோம் பெட்டி. அறக்குளா மணம். வேண்டுமென்றேதான்.

ஒன்று மட்டும் பாக்கி. ஏப்ரல் 4, திங்கள், போத்தலில் பதினொரு கிராம் அகரோஸ் இருந்ததாக என் கொப்பி சொல்கிறது. திரும்பி வந்தது ஒரு கிராமும் சொச்சமும். மிச்சத்தைத் தன் மனைவி நோன்பு திறக்கக் காய்ச்சிவிட்டார் என்கிறார் நானா. இல்லவே இல்லை, கை தவறிக் கழுவுதொட்டியில் கொட்டுப்பட்டது, காய்ச்சியது கடைப் பாக்கெட்டைத்தான் என்கிறார் அவர் மனைவி. இருவரையும் தனித்தனியே இரண்டு தடவை விசாரித்தேன். இருவரும் வாக்குமூலத்தை மாற்றவில்லை. தவமணி அக்காவிடம் கேட்டதற்கு, “அப்ப உங்கட வயித்துக்குள்ள லேடரை ஓட்டிப் பாத்திருக்கலாமே, தங்கச்சி” என்றார்.

ஆகவே புதன்கிழமை நான் சாப்பிட்டது எது என்பது இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை. இரண்டு துண்டு என்பதும், அருமை என்பதும் மட்டும் உறுதி.